ஒருவரை வெளிநாட்டிடம் ஒப்படைப்பதற்கு எதிராக, சின்ன ஊரில் அமைதிப் போராட்டம் நடத்துவது எப்படி?

பத்துப் பேர் போதும். ஆனால் "இதுக்கும் எங்கட ஊருக்கும் என்ன சம்பந்தம்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் வீதிக்கு இறங்காதீர்கள். திருகோணமலையில் நாங்கள் அப்படித்தான் இறங்கினோம்.

அமெரிக்காவின் இரகசிய ஆவணங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸ் இணையத்தளத்தின் நிறுவனர் ஜூலியன் அசாஞ்சை அமெரிக்காவிடம் ஒப்படைக்கும் ஆணையை, அப்போது பிரித்தானிய உள்துறை அமைச்சராக இருந்த பிரித்தி பட்டேல் 2022 ஜூன் 17ஆம் திகதி பிறப்பித்தார். குற்றச்சாட்டுகள் 18. அதில் 17 உளவுச் சட்டத்தின் கீழ். ஒக்டோபர் 8ஆம் திகதி லண்டனில் பாராளுமன்றத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சனம் கைகோத்து நின்றது. அதே நாள் பின்னேரம் எங்கள் கடற்கரையில் நாங்கள் பதினொரு பேர், கறுப்புத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

ஊர்வலம் போவதென்றால், பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி குறைந்தது 6 மணித்தியாலம் முன்னதாக, புறப்படும் இடத்துக்குக் கிட்டவுள்ள பொலிஸ் நிலையத்தில் அறிவிக்க வேண்டும். நாங்கள் ஊர்வலம் போகவில்லை, ஓரிடத்தில்தான் நின்றோம். என்றாலும் முதல் நாளே கடிதம் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்கி வைத்தோம். யார் வந்து கேட்டாலும் அந்தத் தாளை நீட்டினோம், பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஒலிபெருக்கி வேண்டாம் என்று விட்டுவிட்டோம், அதற்கு அனுமதி எடுப்பது வேறு அலைச்சல்.

கோரிக்கை யாருக்கு என்பதையும் முதலே முடிவு செய்யுங்கள். நீதிபதி சட்டத்தைப் பார்ப்பார், கோஷத்தைப் பார்க்க மாட்டார். அரசியல்வாதிக்குத்தான் சனத்தின் குரல் உறைக்கும். அதனால் மகஜரை உள்துறை அமைச்சருக்கு என்று எழுதி, கொழும்பிலுள்ள பிரித்தானிய உயர்ஸ்தானிகராலயத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

பதாகை விஷயத்தில் பிழைவிட்டோம். பழைய படுக்கை விரிப்பில், தண்ணீரில் கரையும் பெயிண்டால் "செய்தி வெளியிட்டது குற்றமா?" என்று எழுதியிருந்தோம். தூறல் விழுந்ததும் எழுத்தெல்லாம் கீழே வழிந்து, கேள்விக்குறி மட்டும் மிஞ்சியது. துண்டுப்பிரசுரத்தை வாங்கியவர்களும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்கள்.

அப்புறம் கச்சான் விற்கிற அம்மா ஒருவர் கிட்ட வந்தார். "ஆருக்காகப் பிள்ளையள் நிக்கிறியள்?" என்று கேட்டார். வாய்த்துணியை இறக்கிவிட்டுச் சொன்னேன். "உண்மையைப் போட்டதுக்கோ?" என்றார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இஞ்சையும் ஒரு பொடியன் படம் எடுத்தவனெல்லே" என்றார்.

அவர் சொன்னது பத்திரிகையாளர் சுகிர்தராஜனை. 2006 ஜனவரி 2ஆம் திகதி இதே கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் வைத்திருந்த குண்டு வெடித்துத்தான் செத்தார்கள் என்று அதிகாரிகள் முதலில் சொன்னபோது, தலையில் துப்பாக்கிச் சூடு பட்டிருந்ததைச் 'சுடர் ஒளி' பத்திரிகையில் வந்த அவருடைய படங்கள் காட்டின. அதே மாதம் 24ஆம் திகதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாததல்ல. வீண் பிரச்சினை வரும் என்று பயந்து, துண்டுப்பிரசுரத்திலிருந்து அந்தப் பந்தியை வெட்டியதே நான்தான். அதைத்தான் முதல் வரியாகப் போட்டிருக்க வேண்டும்.

அசாஞ் 2024 ஜூனில் ஒரு குற்றச்சாட்டை மட்டும் ஒப்புக்கொண்டு, அவுஸ்திரேலியாவுக்கு வீடு திரும்பினார். சுகிர்தராஜன் கொலைக்கு இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை. இப்போது ஜனவரி 24ஆம் திகதி வரும்போதெல்லாம் அதே இடத்தில் கூடி நிற்கிறோம். பதாகையை எனாமல் பெயிண்டால் எழுதுகிறோம்.