பரட்டையா, சுருளா? தலைமுடி கேள்வி பதில்

வெள்ளவத்தை: அக்கா, என்ர முடி நேரோ சுருளோ எண்டே விளங்கேல்லை. முழுகி வந்தா வளைஞ்சு நிக்குது, தலை இழுத்தா பரட்டையாப் போகுது.

இழுத்ததும் பரட்டையாகிற முடி பெரும்பாலும் அலைமுடி அல்லது சுருள்முடி. நேர்முடி என்றால் சீப்புப் பட்டதும் படியும். உறுதியாக அறிய ஒரு லீவு நாள் வேண்டும். முதல் நாள் இரவு எண்ணெய் வைக்காதீர்கள். ஷாம்பு போட்டு நன்றாக அலசுங்கள். கண்டிஷனர், சீரம், ஜெல் எதுவும் வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே விரலால் சிக்கெடுங்கள். துவாயால் தேய்க்காமல் பழைய பருத்தி ரீசேட்டால் ஒற்றிவிட்டு, தொடாமல் காயவிடுங்கள். கொழும்புப் புழுக்கத்தில் நீள முடி காயச் சில மணித்தியாலம் எடுக்கும். அவசரப்பட்டு ஃபேனுக்கு முன்னால் உட்கார்ந்தால் வளைவு கலைந்துவிடும்.

பிறகு உச்சி, காதோரம், பிடரி மூன்றிலும் ஒவ்வொரு கற்றை எடுத்துப் பாருங்கள். வளைவே இல்லை என்றால் வகை 1. எஸ் எழுத்துப் போல நெளிந்தால் 2. முழு வளையமாகச் சுற்றினால் 3. பேனைக்குள் இருக்கும் மைக்குச்சியளவு இறுக்கமாகச் சுருண்டாலோ கோணல்மாணலாக மடிந்தாலோ 4. இலக்கத்துக்குப் பின்னால் வரும் ஏ, பி, சி எழுத்துகள் வளைவின் இறுக்கத்தைக் காட்டும். இது 1990களில் அமெரிக்கச் சிகையலங்காரக் கலைஞர் ஆண்ட்ரே வாக்கர் பரப்பிய இலக்கமுறை. ஒரே தலையில் இரண்டு வகை இருப்பது சாதாரணம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: காய்ந்த சுருளில் சீப்பை வைக்காதீர்கள்.

கொட்டாஞ்சேனை: நான் 2பி. எந்த ஷாம்பு வாங்க?

இலக்கத்தை வைத்து ஷாம்பு வாங்க முடியாது. அது முடியின் வடிவத்தை மட்டுமே சொல்லும். வாங்குவதற்கு வேறு மூன்று விஷயம் தெரியவேண்டும்.

முதலாவது முடியின் தடிப்பு. உதிர்ந்த ஒரு முடியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து உருட்டுங்கள். இருப்பதே தெரியாவிட்டால் மெல்லியது, தையல்நூல் மாதிரித் தட்டுப்பட்டால் தடித்தது. மெல்லிய முடியில் ஷியா பட்டர், கனத்த கிரீம் போட்டால் பிசுபிசுத்துப் படிந்துவிடும். அதே கிரீம் தடித்த முடிக்கு நல்லது.

இரண்டாவது, முடி தண்ணீரை உறிஞ்சும் விதம். கிளாஸ் தண்ணீரில் முடியை மிதக்கவிடும் சோதனையை நம்பாதீர்கள். கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருந்தாலே எந்த முடியும் மிதக்கும். முழுகும்போது கவனியுங்கள். தண்ணீர் முத்து முத்தாக வழிந்து, நனையவும் நேரம் எடுத்து, காயவும் நேரம் எடுத்தால் உறிஞ்சல் குறைவு. அதற்கு இலேசான கண்டிஷனர் போதும், தலை இளஞ்சூடாக இருக்கும்போது போடுங்கள். உடனே நனைந்து உடனே காய்ந்தால் உறிஞ்சல் கூட. சாயம் போட்ட முடியும் ரீபொண்டிங் செய்த முடியும் பெரும்பாலும் இப்படித்தான். ஒவ்வொரு முழுக்குக்கும் கண்டிஷனர் வேண்டும், நுனிக்கு டைமெதிகோன் என்ற சிலிக்கோன் உள்ள சீரமும் வேண்டும்.

மூன்றாவது உச்சந்தோல். முழுகிய மறுநாளே எண்ணெய் வடிந்தால் ஒன்றுவிட்ட நாள் ஷாம்பு போடலாம். ஷாம்பு உச்சந்தோலுக்கு, கண்டிஷனர் காதுக்குக் கீழே.

தெஹிவளை: 2சிக்கும் 3ஏக்கும் என்ன வித்தியாசம்?

2சியில் வளையம் முழுதாகச் சுற்றாது, 3ஏயில் சுற்றும். வாங்கும் பொருளில் வித்தியாசம் இல்லை.

பம்பலப்பிட்டி: ஊரில பாவிச்ச அதே ஷாம்புதான் அக்கா. யாழ்ப்பாணத்தில நுரைக்காது, இங்க வந்தா முடி வைக்கோலாக் காயுது.

காரணம் தண்ணீர். யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவதால் கல்சியம் அதிகம், நுரை எழும்பாது, முடியிலும் படியும். கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி கங்கையிலிருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிற மென்னீர். இங்கே பாதியளவு ஷாம்பு போதும், கூடப் போட்டால் தேவையான எண்ணெயும் போய்விடும். ஊருக்குப் போய் நின்றால் கடைசி அலசலுக்கு இரண்டு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி கலந்து ஊற்றி, பிறகு வெறும் தண்ணீரால் அலசுங்கள். உங்கள் தொடர்மாடியில் குழாய்க்கிணறு என்றால் இந்தக் கணக்கு மாறும்.

மருதானை: பொடுகுக்கு இரவில தேங்காயெண்ணெய் வைச்சுப் படுக்கிறன். சரிதானே?

இல்லை, நிறுத்துங்கள். பொடுகோடு தொடர்புள்ள மலசீசியா என்ற பூஞ்சை எண்ணெயைத் தின்றுதான் வாழ்கிறது.

வத்தளை: தேங்காயெண்ணெயைக் குறை சொல்லாதேங்கோ. எங்கட அம்மம்மாவுக்கு எழுபது வயசிலயும் இடுப்பளவு முடி!

நான் குறை சொன்னது எண்ணெயை அல்ல, வைக்கும் இடத்தை. முடித்தண்டுக்குத் தேங்காயெண்ணெய் மிக நல்லது. அதிலுள்ள லோரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு, அதனால் முடிக்குள் இறங்கும். முழுகும்போது புரதம் கழுவுப்பட்டுப் போவதைத் தேங்காயெண்ணெய் குறைத்தது, சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் குறைக்கவில்லை என்று 2003இல் இந்திய ஆய்வொன்று காட்டியது. அம்மம்மாவுக்குப் பொடுகு இல்லையென்றால் அவர் செய்தது சரியே. பொடுகு உள்ளவர் முழுக முன்னர் காதுக்குக் கீழே மட்டும் பூசட்டும்.

வத்தளை: எண்ணெய் வைச்சா பொடுகு மறையுதே?

செதிள் எண்ணெயில் ஊறி ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கழுவிக் காய்ந்ததும் திரும்ப உதிரும்.

கிராண்ட்பாஸ்: அப்ப வேப்பெண்ணெய்?

அதுவும் எண்ணெய்தான். பாமசியில் 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்பு கேளுங்கள். கிழமைக்கு இரண்டு தடவை, உச்சந்தோலில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள், நான்கு கிழமை. பூசிய கையோடு கழுவினால் பயனில்லை. அதற்கும் அடங்காவிட்டாலோ புருவத்திலும் மூக்கோரத்திலும் சிவந்து செதிள் வந்தாலோ தோல் வைத்தியரிடம் போங்கள். எண்ணெய்க் கதை இத்துடன் போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கல்கிசை: நான் 3பி. எந்த ஷாம்பு?

கொட்டாஞ்சேனைக்குச் சொன்னதை வாசியுங்கள்.

கல்கிசை: வாசிச்சன். ஒபிசுக்குப் போய்ச் சேர முதலே சுருள் பம்பிப்போகுது, அதுக்கு?

இது நல்ல கேள்வி. ஜெல் போத்தலின் பின்பக்கத்தைப் பாருங்கள். முதல் நான்கைந்து பொருளுக்குள் கிளிசரின் இருந்தால், அது கொழும்புக் காற்றின் ஈரத்தை இழுத்து முடியை வீங்கவைக்கும். வீட்டிலேயே செய்யலாம்: கால் கப் ஆளிவிதையை இரண்டு கப் தண்ணீரில் போட்டு, அடிப்பிடிக்காமல் கிளறியபடி பத்து நிமிடம் அளவில் கொதிக்கவிடுங்கள். கரண்டியிலிருந்து முட்டை வெள்ளைக்கரு போல நூலாக இறங்கும்போது அடுப்பை நிறுத்தி, சூட்டோடேயே வடியுங்கள். ஆறினால் வடியாது. பிரிட்ஜில் ஒரு கிழமை இருக்கும், மணம் மாறினால் கொட்டிவிடுங்கள். தண்ணீர் சொட்டும் முடியில் பூசி, கீழிருந்து மேலாகக் கசக்கிவிடுங்கள். காய்ந்து மொறமொறப்பானதும் கையில் ஒரு துளி எண்ணெய் தேய்த்து மெதுவாகக் கசக்கினால் மொறமொறப்புப் போய் வளையம் நிற்கும். அதன் மேல் சீப்பு வைத்தால் எல்லாம் வீண்.

நுகேகொடை: கலியாணத்துக்கு முடி நேராக்கிற கெரட்டின் செய்யப் போறன். ஃபோமல்டிஹைட் இல்லையெண்டு சலூனில சொல்லினம்.

போத்தலை வாங்கி நீங்களே வாசியுங்கள். மெத்திலீன் கிளைக்கோல், ஃபோமலின் என்று எழுதியிருந்தால் அது ஃபோமல்டிஹைட் என்ற அந்த நச்சு இரசாயனமேதான். கிளையொக்சிலிக் அமிலம் உள்ளவற்றிலும் 200 பாகைக்கு மேற்பட்ட அயன் பட்டால் ஃபோமல்டிஹைட் வெளிவரலாம். கண் எரிந்தால் பாதியில் என்றாலும் எழும்பி வாருங்கள்.

மட்டக்குளி: நான் 2ஏ, எந்த ஷாம்பு?

கொட்டாஞ்சேனை.

பொரளை: வயசு 23, அக்கா. முன்நெற்றி ரெண்டு பக்கமும் ஏறுது. எந்த எண்ணெய் நல்லம்?

எந்த எண்ணெயும் அதை நிறுத்தாது, தம்பி. தோல் வைத்தியரிடம் இந்த மாதமே போங்கள். மினொக்சிடில் போன்ற மருந்துகள் இருக்கிற முடியைக் காப்பதில்தான் நன்றாக வேலை செய்யும், போன முடியை முழுதாகத் திருப்பித் தராது.