வெஸ்ட் பாயின்ட் போக விரும்பும் மகனும் நாமினேஷன் கவலையும்

வணக்கம் சார்.

உங்கள் மகன், நம் தம்பி, அமெரிக்க ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் வெஸ்ட் பாயின்ட் அகாடமியில் சேர விரும்புகிறான். அதற்குக் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற, உறுப்பினர் போன்ற ஒருவர் அவன் பெயரை முன்மொழிய வேண்டும், அதுதான் நாமினேஷன். உங்கள் கடிதத்தில் ஒரே கேள்விதான் சுற்றிச் சுற்றி வருகிறது: "எங்களுக்கு எந்தக் காங்கிரஸ் உறுப்பினரையும் தெரியாது. நாமினேஷன் எப்படி வாங்குவது?" சங்கத்து நண்பர் ஒருவர் மூலம் தேர்தல் நிதி விருந்துக்கு டிக்கெட் எடுத்து, உறுப்பினரோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் உதவுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சார். அந்தப் பணத்தில் தம்பிக்கு நல்ல ஓட்டக் காலணி வாங்கிக் கொடுங்கள். உறுப்பினரைத் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒவ்வொரு அலுவலகத்திலும் இதற்கென விண்ணப்பப் படிவம், கடைசித் தேதி, நேர்காணல் எல்லாம் இருக்கின்றன. யாரையும் தெரியாத குடும்பத்துப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் அந்த வழியாகப் போகிறார்கள்.

முதலில் எதற்கு நாமினேஷன் தேவை என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ராணுவத்துக்கு வெஸ்ட் பாயின்ட், கடற்படைக்கும் மரைன் படைக்கும் அனாபொலிஸ், விமானப் படைக்குக் கொலராடோ ஸ்பிரிங்ஸ், வணிகக் கப்பல் துறைக்கு நியூயார்க்கின் கிங்ஸ் பாயின்ட். இந்த நான்கிலும் நாமினேஷன் இல்லாமல் சேர முடியாது, இது சட்டம். கனெக்டிகட்டில் இருக்கும் கோஸ்ட் கார்ட் அகாடமிக்கு மட்டும் அது தேவையில்லை. அங்கே நேரடி விண்ணப்பம்தான். தம்பி அதையும் ஒரு கண் பார்த்து வைக்கட்டும்.

நாமினேஷன் என்பது ஹால் டிக்கெட் மாதிரி. பரீட்சை எழுத உள்ளே விடும், மார்க் போடாது. அகாடமிக்குத் தனி விண்ணப்பம், நாமினேஷனுக்குத் தனி விண்ணப்பம். இரண்டும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். அப்பாயின்ட்மென்ட், அதாவது "நீ தேர்வாகிவிட்டாய், ஜூன் கடைசியில் வந்து சேர்" என்ற உத்தரவு, அகாடமியிலிருந்துதான் வரும். நாமினேஷனை வாங்கிவிட்டு அப்பாயின்ட்மென்டும் கிடைத்துவிட்டதாக நினைத்து வீட்டில் கேக் வெட்டிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

யார் யாரிடம் கேட்கலாம்? உங்கள் தொகுதியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஒருவர், மாநிலத்தின் செனட்டர்கள் இருவர், அப்புறம் துணை அதிபர். நான்கு பேரிடமும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். துணை அதிபருக்கு ஒவ்வொரு அகாடமியிலும் ஒரு நேரத்தில் 5 பேர்தான், அதுவும் நாடு முழுவதற்கும் சேர்த்து. படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டு அதை மறந்துவிடலாம். கிங்ஸ் பாயின்டுக்கு அந்த வழியும் கிடையாது. அதிபர் பெயரில் ஒரு வழி உண்டு. அது படையில் நீண்ட காலம் பணியாற்றுபவர்களின் பிள்ளைகளுக்கானது, உங்களுக்குப் பொருந்தாது. தம்பியின் பள்ளியில் ஜேஆர்ஓடிசி (பள்ளி மாணவர்களுக்கான ராணுவப் பயிற்சித் திட்டம்) பிரிவு இருந்து அவன் அதில் சேர்ந்திருந்தால், அந்தப் பிரிவு மூலம் நாமினேஷன் கிடைக்குமா என்று அதன் பொறுப்பாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். பலர் கேட்பதே இல்லை.

தொகுதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கணக்கில் வருவது உங்கள் நிரந்தர வீட்டு முகவரி, பள்ளியின் முகவரி அல்ல. டாலஸ் புறநகரில் ஒரு தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு தொகுதியும் அந்தப் பக்கம் வேறொன்றுமாக இருக்கலாம். எல்லைகளும் அவ்வப்போது மாற்றி வரையப்படுகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பாமல் முழு முகவரியையும் போட்டுப் பாருங்கள். நடுவில் வீடு மாற்றும் எண்ணம் இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே இரண்டு அலுவலகங்களையும் விசாரித்துவிடுவது நல்லது.

இப்போது பலருக்கும் புரியாத பகுதிக்கு வருகிறேன். கிங்ஸ் பாயின்ட் தவிர மற்ற மூன்று அகாடமிகளில், ஒவ்வொரு உறுப்பினரின் கணக்கிலும் ஒவ்வொன்றிலும் ஒரே நேரத்தில் 5 பேர் வரை படிக்கலாம். படிப்பு நான்கு வருடம். ஆக, வருடத்துக்கு ஒரு இடம் காலியாகும், சில வருடம் இரண்டு. அந்த ஒரு இடத்துக்கு உறுப்பினர் ஒரு பெயரை மட்டும் அனுப்புவதில்லை, ஒரு பட்டியலே அனுப்புவார். அதை மூன்று விதமாக அனுப்பலாம். ஒருவரை முதன்மை வேட்பாளராக வைத்து, மற்றவர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவது ஒரு விதம். முதன்மையாக இருப்பவர் படிப்பு, உடல்நலம், உடல்திறன் மூன்றிலும் தகுதி பெற்றால் இடம் அவருக்கே. பட்டியலில் அவரைவிடக் கெட்டிக்காரர் இருந்தாலும் சரி. முதன்மை ஒருவரை வைத்துவிட்டு மற்றவர்களை வரிசைப்படுத்தும் வேலையை அகாடமியிடமே விடுவது இரண்டாவது. யாரையும் முன்னிறுத்தாமல் எல்லாரையும் சமமாக அனுப்பி, "நீங்களே தேர்ந்தெடுங்கள்" என்று விட்டுவிடுவது மூன்றாவது. உங்கள் உறுப்பினர் எந்த முறையில் அனுப்புகிறார் என்று அலுவலகத்தில் தாராளமாகக் கேட்கலாம், மறைக்க மாட்டார்கள்.

"அப்படியானால் பட்டியலில் ஒருவருக்குத்தான் இடம், மற்றவர்கள் வீட்டுக்கா?" என்று கேட்பீர்கள். இல்லை. வெஸ்ட் பாயின்ட் வருடத்துக்குச் சுமார் 1,200 பேரைச் சேர்க்கிறது. உறுப்பினர்களின் காலி இடங்கள் மட்டும் அத்தனையையும் நிரப்பாது. பட்டியலில் முதலிடம் கிடைக்காவிட்டாலும் முழுத் தகுதி பெற்றவர்களை நாடு தழுவிய தகுதி வரிசையில் வைத்து, அதிலிருந்து அகாடமி மேலும் பலரை எடுத்துக்கொள்கிறது. போட்டி கடுமையான தொகுதிப் பிள்ளைகள் நிறையப் பேர் இந்த வழியில்தான் உள்ளே போகிறார்கள். ஆனால் அந்த வரிசையில் நிற்கவே குறைந்தது ஒரு நாமினேஷன் கையில் இருக்க வேண்டும். எத்தனை நாமினேஷன் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ஒன்று போதும். சில மாநிலங்களில் செனட்டர்களும் உறுப்பினர்களும் பேசி வைத்துக்கொண்டு ஒரு பிள்ளைக்கு ஒன்றுதான் போகும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அதனால் ஒரு அலுவலகம் மறுத்தால் அது தகுதியின்மை என்று ஆகிவிடாது.

காலக் கணக்கு. தம்பி இப்போது 11ஆம் வகுப்பின் நடுவில் இருக்கிறான், சரியான நேரம். வெஸ்ட் பாயின்ட் கோடைக்காலத்தில் சில நாள் முகாம் நடத்துகிறது, அனாபொலிஸும் விமானப் படை அகாடமியும் கூட நடத்துகின்றன. அவற்றுக்கான விண்ணப்பம் குளிர்காலத்திலேயே திறந்து சீக்கிரம் மூடிவிடும், இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். அகாடமியின் ஆரம்பக் கேள்விப் படிவமும் இந்த அரையாண்டிலேயே. நாமினேஷன் படிவங்கள் வசந்த காலத்திலிருந்து கிடைக்கும். கடைசித் தேதி அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும். பல இடங்களில் செப்டம்பர், அக்டோபர். நேர்காணல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். உறுப்பினர்கள் தங்கள் பட்டியலை ஜனவரி 31க்குள் அகாடமிக்குக் கொடுத்தாக வேண்டும். மதிப்பெண் பட்டியல், எஸ்ஏடி அல்லது ஏசிடி என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வின் மதிப்பெண், பரிந்துரைக் கடிதங்கள், கட்டுரை இவையெல்லாம் அகாடமிக்கு அனுப்பியிருந்தாலும் உறுப்பினர் அலுவலகத்துக்குத் தனியாகப் போக வேண்டும். அங்கிருப்பது இங்கே தானாக வராது. ஆகஸ்டிலேயே கடிதம் கேட்டால் கணக்கு ஆசிரியர் நிதானமாக எழுதிக் கொடுப்பார். அக்டோபரில் எல்லாருடைய கல்லூரி விண்ணப்பங்களும் அவர் தலையில் விழும்.

இந்த வேலையை உறுப்பினரின் மாவட்ட அலுவலகத்தில் ஒருவர் கவனிப்பார். அவருக்குத் தொலைபேசியில் பேச வேண்டியது தம்பி, நீங்கள் அல்ல. மின்னஞ்சலும் அவன் பெயரிலிருந்துதான் போக வேண்டும். நீங்கள் எழுதி அவன் பெயரில் அனுப்பினால் அதுவும் தெரிந்துவிடும். பதினேழு வயதுப் பையன் "தங்கள் மேலான கவனத்துக்கு" பாணியில் எழுத மாட்டான் என்று அந்த அலுவலருக்குத் தெரியாதா? நாளைக்கு முப்பது சிப்பாய்களை நடத்தப் போகிற பையனுக்கு அப்பா போன் போட்டுக் கேட்கிறார் என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நீங்களே யோசியுங்கள்.

நேர்காணல் பெரும்பாலும் ஒரு குழுவின் முன் நடக்கும். ஓய்வுபெற்ற அதிகாரிகள், அகாடமியில் படித்தவர்கள், உள்ளூர்ப் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நேரம் அதிகம் கிடைக்காது. "ஏன் ராணுவம்?" என்பது கட்டாயம் வரும். பயிற்சி நேர்காணலில் ஒரு மாணவன் இந்தக் கேள்விக்கு இணையதளத்தில் இருந்ததை வரி பிசகாமல் ஒப்பித்தான். "சரி, எந்தப் பிரிவில் சேர ஆசை, அங்கே உன் முதல் வேலை என்னவாக இருக்கும்?" என்றதும் வாயே திறக்கவில்லை. அடுத்த முறைக்குள் அண்டை ஊர் ரிசர்வ் படை அதிகாரி ஒருவரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தான். அதன் பின் வார்த்தைகள் திக்கினாலும் பேசியது அவனுடையதாக இருந்தது. "இந்த வருடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வாய்?" என்பதும் வரும். "ஆர்ஓடிசியில் சேர்ந்து அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிப்பேன்" (ஆர்ஓடிசி என்பது வேறு கல்லூரியில் படித்தபடியே அதிகாரியாகப் பயிற்சி பெறும் திட்டம்) என்ற பதிலை அவர்கள் விரும்புவார்கள், ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும். உண்மையில்லாததைச் சொல்லிவிட்டு அதைத் தொடர்ந்து வரும் கேள்வியில் மாட்டிக்கொள்வது மிகச் சுலபம். நேர்காணலுக்கு நீங்கள் காரோட்டிக்கொண்டு போகலாம், காரிலேயே இருங்கள்.

அகாடமி பார்க்கும் கோப்பைப் பற்றிக் கொஞ்சம். வெஸ்ட் பாயின்ட் படிப்புக்கு 60 சதவீதம், தலைமைப் பண்புக்கு 30, உடல்திறனுக்கு 10 என்று எடை போடுகிறது. நம் வீடுகளில் முதல் 60-ஐப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. இடிப்பது அடுத்த 30-தான். தம்பிக்கு ரோபோட்டிக்ஸ், கணிதப் போட்டி, மிருதங்கம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அவன் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு வேலையை முடித்த இடம் உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லை. தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புக்கு உதவி ஆசிரியராக இருக்கிறான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைத்தான் முன்னால் கொண்டு வர வேண்டும். ஒரு குழு விளையாட்டும் வேண்டும். இன்னும் ஒரு பருவம் மீதி இருக்கிறது, கிராஸ் கன்ட்ரி ஓட்டக் குழுவில் சேரட்டும். உடல்திறன் தேர்வில் புல்-அப், ஒரு மைல் ஓட்டம், மண்டியிட்டபடி கூடைப்பந்தைத் தூர எறிவது என்று பல உண்டு. மண்டியிட்டு எறிவதைக் கேட்டால் எல்லாரும் சிரிப்பார்கள். வீட்டுப் பின்புறத்தில் எறிந்து பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

மருத்துவம்தான் எனக்கு உண்மையான கவலை, ஏனென்றால் தூசி ஒவ்வாமைக்காக 14 வயதில் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்ததாகப் பதிவு இருந்தால் அது தகுதிக் குறைவாகக் கொள்ளப்படும். இருமலோடு போன பிள்ளைக்கு டாக்டர் அவசரத்தில் "ஆஸ்துமா" என்று ஒரு குறியீட்டைத் தட்டிவிட்டிருப்பார், அது கோப்பில் அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்தப் பதிவின் நகலை இப்போதே வாங்கிப் பாருங்கள். தேவைப்பட்டால் நுரையீரல் மருத்துவரிடம் முறையான சுவாசப் பரிசோதனை செய்து வையுங்கள். டாட்மெர்ப் என்று சொல்லப்படும் பாதுகாப்புத் துறை மருத்துவக் குழு தகுதியில்லை என்று எழுதினாலும் கதை முடிவதில்லை. விலக்குக் கொடுக்கும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு அல்ல, அகாடமிக்கு. அந்த வழியில் சேர்ந்தவர்கள் உண்டு. மறைப்பது மட்டும் கூடவே கூடாது. இன்ஹேலர் வாங்கிய மருந்துக் கடையின் பதிவு எங்கேயும் போய்விடாது. பின்னால் தெரிந்தால் போவது இடம் மட்டுமல்ல, பொய் சொன்னவன் என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும்.

குடியுரிமை பற்றி: நீங்கள் இருவரும் இன்னும் கிரீன் கார்டில் இருப்பது தடையில்லை. தம்பி இங்கே பிறந்தவன், அமெரிக்கக் குடிமகன், அது போதும். ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை எடுத்து வைத்திருந்தாலும், மதுரையில் தாத்தா பாட்டி இருந்தாலும், பின்னர் வரும் பாதுகாப்புச் சரிபார்ப்புப் படிவத்தில் கேட்பதற்கு உள்ளபடி பதில் எழுத வேண்டும். வெளிநாட்டு உறவினர் இருப்பது குற்றமில்லை.

மகன் ராணுவத்துக்குப் போவது பற்றிய உங்கள் மனைவியின் பயத்தை நீங்கள் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள், நான் தாண்ட மாட்டேன். கல்விக் கட்டணம் கிடையாது, மாதச் சம்பளமும் உண்டு, பொறியியல் அடித்தளத்தோடு பட்டம் கிடைக்கும் என்பதெல்லாம் சரி. பதிலுக்குப் பட்டம் முடித்ததும் குறைந்தது 5 வருடம் முழுநேரப் பணி செய்ய வேண்டும், அதன் பின் ரிசர்வில், அதாவது தேவைப்பட்டால் அழைக்கப்படும் படையில், மீதிக் காலம். விமானி ஆனால் இன்னும் நீளும். போர் வந்தால் போக வேண்டியதுதான். இதை மென்று விழுங்கிச் சொல்வதில் பயனில்லை. மனம் மாறினால் முதல் இரண்டு வருடங்களுக்குள் கடமை எதுவும் இல்லாமல் விலகலாம், மூன்றாம் வருட வகுப்பு தொடங்கிய பின் கட்டு விழுந்துவிடும். இதை வைத்து தம்பியும் அவன் அம்மாவும் நேருக்கு நேர் பேசட்டும். "இலவசப் படிப்பு" என்ற வார்த்தையை அந்தப் பேச்சில் எடுக்காதீர்கள்.

கடைசியாக, இணையான ஏற்பாடு. ஆர்ஓடிசி உதவித்தொகை விண்ணப்பமும் அதே 12ஆம் வகுப்பு இலையுதிர் காலத்தில்தான், அதை அகாடமி விண்ணப்பத்தோடு சேர்த்தே அனுப்பட்டும். அங்கே நாமினேஷன் வேண்டாம். வெளியே வரும்போது அதே லெப்டினன்ட் பதவிதான். சிலருக்கு அகாடமியே ஒரு வருட ஆயத்தப் பள்ளியை முன்வைக்கும். அதற்கென்று தனியாக விண்ணப்பிக்க முடியாது, வந்தால் அவமானமாக நினைக்காமல் யோசியுங்கள். பதில் ஏப்ரல் வரைகூட இழுக்கலாம். பல கல்லூரிகள் முடிவைக் கேட்கும் மே 1 நெருங்கியும் ஒன்றும் தெரியவில்லை என்றால் வேறு நல்ல கல்லூரியில் முன்பணம் கட்டி இடத்தைப் பிடித்து வையுங்கள். பிறகு அகாடமி கூப்பிட்டால் அந்தப் பணம் போகட்டும்.