பொங்கல் நேரத்தில் வேலை போனால் எவ்வளவு பணம் வரவேண்டும்?

கும்பகோணம் அரிசி ஆலையில் 10 வருஷம் உழைத்தவரைப் பொங்கலுக்கு முன் ஆட்குறைப்பு என்று நிறுத்திவிட்டு, ஒரு மாதச் சம்பளம் மட்டும் கொடுப்பது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமே இல்லை. அது முன்னறிவிப்புக்குப் பதிலான தொகை. முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தனியே வரவேண்டும். மாதம் 15,000 என்றால் இதுவே ஏறக்குறைய 75,000 ரூபாய். அப்புறம் பணிக்கொடை (கிராஜுவிட்டி) வேறு.

என் அப்பாவையும் இப்படி வேலையிலிருந்து நிறுத்தியபோது, அவரிடம் ஒரு தாளை நீட்டி, 'எல்லாம் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே ரெவின்யூ ஸ்டாம்பில் கையெழுத்து வாங்கினார்கள். அந்த வருஷம் வீட்டில் கரும்புகூட வாங்கவில்லை. கைச்செலவுக்குத் தவிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் பாக்கி இருக்கும்போது அப்படிக் கையெழுத்துப் போட வேண்டாம். சம்பளச் சீட்டு, பிஎஃப் பாஸ்புக்கோடு தொழிலாளர் துறை சமரச அலுவலரிடம் மனுக் கொடுங்கள்.