புக் செய்த வாடகைக் காரைத் தர மறுத்தால்

தம்பி, தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு கார் புக் செய்து, உறுதி செய்த மின்னஞ்சலும் கையில் இருக்க, விமான நிலையக் கவுண்டரில் "கார் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், அமெரிக்காவில் இப்படியெல்லாம் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்வது தவறு, ஆனால் நடக்கிறது. இங்கே பெரும்பாலான புக்கிங்குக்கு முன்பணம் கிடையாது. சொல்லாமல் வராமல் போகிறவர்கள் ஏராளம் என்பதால் இருக்கிற காரைவிட அதிகமாக புக்கிங் எடுக்கிறார்கள். எல்லோரும் வந்து நின்றால் கடைசியில் வந்தவருக்குக் கார் இருக்காது. கொரோனா வந்த 2020இல் கம்பெனிகள் கார்களை விற்றுத் தள்ளிவிட்டு, 2021இல் ஊருக்கே கார் இல்லாமல் திண்டாட வைத்ததையும் இங்கிருந்து பார்த்தவன் நான். விமானத்தில் இடமில்லை என்று உங்களை நிறுத்தினால் இழப்பீடு தர மத்திய அரசின் விதி இருக்கிறது. வாடகைக் காருக்கு அப்படி ஒன்று இல்லை. அதனால் கவுண்டரை விட்டு நகர்வதற்குள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

முதலில், கார் இல்லையா, அல்லது நம் காகிதத்தில் குறையா என்று தெளிவாகக் கேளுங்கள். டெபிட் கார்டு என்றால் பல இடங்களில் கூடுதல் ஆவணம் கேட்பார்கள், சில இடங்களில் வாங்கவே மாட்டார்கள். லைசென்ஸில் ஒரு மாதிரி, கிரெடிட் கார்டில் வேறு மாதிரி பெயர் இருந்தாலும் சிக்கல். இனிஷியல் வைத்து எழுதும் நமக்கு இது அடிக்கடி வரும், இன்றே சரிசெய்து வையுங்கள்.

கார்தான் இல்லை என்றால், அதே விலைக்குப் பெரிய வண்டி தரச் சொல்லுங்கள். நீங்கள் புக் செய்தது ஒரு வகையைத்தான், குறிப்பிட்ட மாடலை அல்ல. அதுவும் இல்லையா, மேனேஜரைக் கூப்பிட்டு, பக்கத்துக் கிளையில் பார்க்கச் சொல்லுங்கள், வேறு கம்பெனியில் எடுத்தால் விலை வித்தியாசத்தைத் தருவீர்களா என்றும் கேளுங்கள். கோபப்படாமல், ஆனால் நகராமல் நில்லுங்கள். எதற்கும் மசியவில்லை என்றால், கார் இல்லை என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே நின்று கஸ்டமர் சர்வீஸுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், நேரம் பதிவாகிவிடும். பிறகு நீங்கள்தான் வரவில்லை என்று அவர்கள் சொல்ல முடியாது.

எனக்கும் ஒருமுறை இப்படி ஆனபோது, வேறு இடத்தில் எடுத்த காரின் பில்லையும் பழைய உறுதி மின்னஞ்சலையும் சேர்த்து அனுப்பினேன். முதல் பதில் வெறும் வருத்தம். விடாமல் மறுபடி எழுதியதும் வித்தியாசத்தைத் தந்தார்கள். முன்கூட்டியே பணம் கட்டியிருந்து திருப்பித் தரவில்லை என்றால் கிரெடிட் கார்டு கம்பெனியிடம் ஆட்சேபம் எழுப்பலாம். அந்தக் கட்டணம் வந்த ஸ்டேட்மென்ட் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். மாநில அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) அலுவலகத்திலும் இலவசமாகப் புகார் செய்யலாம்.

அடுத்த முறை இடைத்தரகர் தளங்களை விட்டு நேரடியாக புக் செய்யுங்கள், இல்லாவிட்டால் இருவரும் மாறி மாறிக் கை காட்டுவார்கள். விமான எண்ணையும் மறக்காமல் கொடுங்கள். தாமதமானால் அவர்களுக்குத் தெரியும். ஊருக்குள் இருக்கும் கிளைகள் சீக்கிரம் மூடிவிடும் என்பதால் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு வேறு கார் எடுத்தீர்களா தம்பி? அந்த பில் இருந்தால் வித்தியாசத் தொகையைக் குறிப்பிட்டு இன்றைக்கே எழுதிவிடுங்கள்.