பழைய ஜெட்ஃபயர் வாங்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

போர் விமானமாக மாறும் இந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரோபோ பொம்மையை அமெரிக்க நிறுவனமான ஹாஸ்ப்ரோ 1985இல் விற்றது. அதை வார்த்த அச்சு டகடோகு என்ற ஜப்பானிய பொம்மை நிறுவனத்துடையது. மேக்ராஸ் என்ற ஜப்பானிய கார்ட்டூன் தொடரில் வரும் விஎஃப்-1 வால்கிரி விமானத்தின், 1982இல் வந்த 1/55 அளவு பொம்மைக்காகச் செய்யப்பட்டது. அதனால்தான் தொடக்ககால ஜெட்ஃபயர் சிலவற்றின் இறக்கையில் மேக்ராஸ் சின்னமே இருக்கும். அதைப் பார்த்துப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

முதலில் துணைப் பாகங்களை எண்ணுங்கள். சிவப்புக் கவசத் துண்டுகள், முதுகு பூஸ்டர்கள், தலைக்கவசம், துப்பாக்கி. விமானம் மட்டும் மலிவாகக் கிடைத்தால் பெரும்பாலும் இவைதான் இருக்காது. தனித்தனியாகத் தேடி வாங்கினால் முழு செட்டைவிடக் கூடுதலாகவே செலவாகும். கவசத்தை மாட்டும் சிறு கொக்கிகளின் அடியில் வெளிறிய கோடு தெரிந்தால், அது உடையத் தயாராக இருக்கிறது.

அடுத்தது மஞ்சள் நிறம். வெள்ளை பிளாஸ்டிக் வெயிலால் பழுப்பேறும். நிழலில் வைத்தாலும் மெதுவாக ஏறும். 12% ஹைட்ரஜன் பெராக்சைடு க்ரீமைப் பூசி, நெகிழித் தாளால் சுற்றி, புற ஊதா விளக்கின் கீழ் வைக்கலாம். கையுறை கட்டாயம். மணிக்கொரு முறை க்ரீமைப் பரப்பிவிடாவிட்டால் திட்டுத்திட்டாக வெளுக்கும். பிறகு சரிசெய்வது பெரும்பாடு. திருகு, ஸ்டிக்கர், சிவப்புத் துண்டுகள் எதுவும் கூட இருக்கக் கூடாது. இவ்வளவு செய்தும் சில ஆண்டுகளில் மஞ்சள் திரும்பலாம். லேசான பழுப்பை அப்படியே விடுவதுதான் என் கட்சி.

மூட்டு தளர்ந்திருந்தால் பசை வேண்டாம். நிறமற்ற நகப்பூச்சை மூட்டின் உருண்டையில் மெல்லிதாகத் தடவி, முழுதும் காய்ந்தபின் மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் ஒட்டிக்கொள்ளும், திருப்பும்போது முறியும்.