வெள்ளி நானோவா, பி.எட்.டா?

கேள்வி: எனக்கு ஊர் தங்கச்சிமடம். எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். அம்மா கடலில் பாசி எடுக்கிறார். நானோ பொருட்களில் பிஎச்.டி. செய்ய ஆசை. ஒரு கல்லூரியில், பாசிச் சாற்றை வைத்து வெள்ளி நானோ துகள் தயாரிக்கும் தலைப்பு தருவதாகவும், உதவித்தொகை கிடையாது என்றும் சொல்கிறார்கள். வீட்டிலோ பி.எட். படிக்கச் சொல்கிறார்கள். என்ன செய்ய?

பதில்: ஆசையை விடாதீர்கள், அந்தத் தலைப்பை விட்டுவிடுங்கள். சில்வர் நைட்ரேட் கரைசலில் கஞ்சிப்பாசிச் சாற்றை ஊற்றினால் முதலில் மஞ்சள், அப்புறம் பழுப்பு, எந்த ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் யுவி கருவியில் 420 நானோமீட்டர் பக்கம் ஒரு மேடு, பாக்டீரியா தட்டில் கிருமி வளராத ஒரு வளையம், கட்டுரை ரெடி. இலை, பூ, பழத்தோல் என்று மாற்றி மாற்றி இதையே எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள் (ஒரு காலத்தில் நானும்தான், வேப்பிலையில்). சாற்றில் இருக்கும் எது வெள்ளி அயனியை ஒடுக்குகிறது, அதாவது எலக்ட்ரான் கொடுத்து வெள்ளியாக்குகிறது என்று கேட்டால் முழிப்போம்.

உங்கள் கரையில் கேள்விக்கா பஞ்சம்? உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி இற்று உதிர்வதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். 1914-ல் திறந்த பாம்பன் பாலம் துருவோடு அவ்வளவு மல்லுக்கட்டியதால்தான் 2025-ல் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் என்ற சிலிக்கான் வகைப் பூச்சும் போட்டார்கள். பூச்சில் நானோ துகளைக் கலந்தால் அது நுண்துளைகளை அடைத்து, உப்பில் இருக்கும் குளோரைடு இரும்பைத் தொடும் வழியைச் சுற்றுவழியாக்கும். ஆனால் துகள்கள் திரண்டு கட்டியானால் அந்த இடமே ஓட்டை. திரளாமல் எப்படிப் பரப்புவது? இதற்கே நாலைந்து வருடம் போகும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிமான (உலோகம் துருப்பிடித்து அரிபடும்) ஆராய்ச்சிக்குப் பேர்போனது, அதன் பிரிவு ஒன்று பாலம் தாண்டினால் மண்டபத்திலேயே இருக்கிறது.

சரி, பணம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் வேதியியல் தாள் எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. அம்மாவிடம் முதலில் இந்த எண்ணைச் சொல்லுங்கள், நானோவை அப்புறம் விளக்கலாம். ஒரு வருடம் அவகாசம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பி.எட். எங்கும் ஓடிவிடாது, ஆனால் உதவித்தொகை இல்லாமல் மட்டும் சேராதீர்கள்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் எத்தனை கட்டுரை போட்டார் என்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். அவருடைய மாணவர்களை டீக்கடையில் பிடித்து, எத்தனை வருடத்தில் முடிக்கிறார்கள், எலக்ட்ரான் நுண்ணோக்கிக்கு எத்தனை மாதம் காத்திருக்கிறார்கள், அதற்குப் பணம் யார் கட்டுகிறார்கள் என்று கேளுங்கள்.