அப்பாவும் புள்ளையும் பேசிக்காத வீடு

கேள்வி: சார், ஒரு ஷார்ட் ஃபிலிமுக்கு ஸ்கிரிப்ட் எழுதி வெச்சிருக்கேன். அப்பா ஐசிஎஃப்ல (ரயில் பெட்டி ஃபேக்டரி) ரிட்டயர் ஆனவர், பையனோட பல வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. அம்மாவோட வருஷ திதிக்கு பையன் வீட்டுக்கு வரான், கடைசில ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழறாங்க. ஏன் சண்டைன்னு ஃபிளாஷ்பேக் வெக்க சொல்றாங்க ஃப்ரெண்ட்ஸ். வெக்கலாமா? மொத்தம் 24 பக்கம் வந்திருக்கு.
- வாசகர், பெரம்பூர்

பதில்: வெக்காதீங்க. ஃபிளாஷ்பேக் வந்த உடனே பாக்குறவங்க பஞ்சாயத்துக்கு உக்காந்துடுவாங்க, அப்பா மேல தப்பா பையன் மேல தப்பான்னு அதுலயே போயிடும்.

உங்க கதைல பெரிய விஷயமே அம்மா இல்லங்கறதுதாங்க. நம்ம வீடுகள்ல அப்பாவும் புள்ளையும் பேசிக்கலன்னா எல்லாம் அம்மா வழியாதான் போகும், "தொர சாப்ட்டாரான்னு கேளு", "அவரு மாத்திர போட்டாராம்மா"ன்னு, ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்துகிட்டே. இப்ப யார்கிட்ட சொல்லி அனுப்புவாங்க? அத எடுங்க. அப்பா செவுத்த பாத்து "தண்ணி வந்துடுச்சு, யாராவது மோட்டார் போடலாம்"னு சொல்லட்டும், பையன் ஒண்ணும் சொல்லாம எழுந்து போய் போடட்டும்.

ஐசிஎஃப்-ஐயும் சும்மா பேருக்கு வெக்காதீங்க. 1955லேர்ந்து ரயில் பெட்டி செய்யற எடம், அயனாவரம் வில்லிவாக்கம் பக்கம் ஷிஃப்டுக்கு போற அப்பா தூங்கி எழுந்தா புள்ள ஸ்கூல்ல இருப்பான், புள்ள வந்தா அப்பா கெளம்பியிருப்பாரு. சண்டைக்கு முன்னாடியே பேசாம பழகின வீடு சார் அது, இது ஒண்ணு போதும் ஃபிளாஷ்பேக்குக்கு பதிலா. பையன் வந்து எறங்கற பெட்டில ஐசிஎஃப்னு எழுதியிருக்கறது ஒரு ஷாட் கெடச்சா ரொம்ப நல்லது, ஆனா ஸ்டேஷன்ல எடுக்க தெற்கு ரயில்வே பர்மிஷன் வாங்கணும், பணமும் கட்டணும், முடியலன்னா விட்டுடுங்க.

கட்டிப்பிடிக்கறத எடுத்துடுங்க, அந்த வயசு அப்பா செய்ய மாட்டாரு. படையல் முடிஞ்சு எல ​போட்டதும் அவரே கரண்டி எடுத்து பையன் எலைல கொழம்பு ஊத்தட்டும். "போதும்ப்பா"ன்னு அவன் சொல்றதுதான் படத்துல அவங்க நேருக்கு நேரா பேசிக்கற மொத வார்த்தையா இருக்கணும். எழுதும்போதே எனக்கு தொண்ட அடைக்குது.

நீளம்: பக்கத்துக்கு ஒரு நிமிஷம்னா 24 நிமிஷம். ஆஸ்கர்ல 40 நிமிஷம் வரைக்கும் ஷார்ட் ஃபிலிம்தான், ஆனா ஃபிரான்ஸ்ல நடக்கற கான் ஃபிலிம் ஃபெஸ்டிவல் போட்டிக்கு டைட்டிலோட சேத்து 15 நிமிஷம் தாண்டக்கூடாது. நீங்க 15க்கே கொறைங்க, இந்த கதை தாங்கும்.

சத்தத்துலதான் ரொம்ப கவனமா இருக்கணும். டயலாக் கம்மியான படம், ஃபேன் ஃபிரிட்ஜ் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு டேக் எடுங்க, ஒவ்வொரு ரூம்லயும் யாரும் பேசாம ஒரு நிமிஷம் அந்த ரூமோட சத்தத்த மட்டும் தனியா ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கோங்க. அது இல்லன்னா எடிட்டிங்ல ஒவ்வொரு கட்டும் காதுல குத்தும்.